அளவோடு வரைந்தால் அது பாஸ்போர்ட் போட்டோ

கேலிச்சித்திரம் ஆளைப் புண்படுத்துகிறதாம், அளவோடு வரையணுமாம். கேலிச்சித்திரம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், அதை எழுதியவர் சொல்கிறார்! 1987-ல் விகடன் அட்டைப்பட ஜோக்கில் யார் பெயரும் இல்லை. மேடையில் ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி, அவ்வளவுதான். அதற்கே ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை என்றது சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், அது தனிக்கதை.

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையச் சுவரில், போன குறுவையின்போது யாரோ கரிக்கட்டையால் வரைந்திருந்தார்கள். தராசில் ஒரு மூட்டை, 'ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல்' என்று நெல்லைத் தட்டிக்கழிக்கும் ஒரு சீட்டு, தராசுக்கு அடியில் நீட்டிய கை. முகமே கிடையாது. மறுநாளே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். யாருக்குச் சுருக்கென்றதோ!

ஆனால் நிறத்தையும் சாதியையும் வைத்து மீம் போட்டுவிட்டு 'நையாண்டி' என்கிறார்களே, அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.