அரசர் திருநாளில் யாருக்கு நாற்காலி?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. ஏற்காட்டிலும் சேலத்திலும் உள்ள நம்மவர் பலரும் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டார்கள். கிறிஸ்து அரசர் பெருவிழாத் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து, பீடத்துக்கு நேர் எதிரே பாயில் அமர்ந்திருந்த காப்பி எஸ்டேட் பாட்டியை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் நன்கொடையாளருக்கும் ஆட்சியாளருக்கும் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகளைப் போட்டார்கள். அரசர் திருநாள் அல்லவா, அரசவை வேண்டாமா!

திருத்தந்தை 11-ஆம் பயஸ் 1925-ல் இந்த விழாவை ஏற்படுத்தியபோது, முதல் உலகப் போரில் பேரரசுகள் சரிந்திருந்தன. இத்தாலியில் முசோலினி ஆண்டுகொண்டிருந்தார். எந்த ஆட்சியாளனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவூட்டத்தான் இந்த விழா வந்தது. அதே விழாவில் ஆட்சியாளருக்கு நாற்காலி தேடி ஓடுகிறோம்.

அன்றைய நற்செய்தியையாவது யாரேனும் காதில் வாங்கினீர்களா? லூக்கா 23. அரசர் சிலுவையில் தொங்குகிறார். தலைவர்களும் படைவீரர்களும் ஏளனம் செய்கிறார்கள். 'நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்' என்று கேட்டவன் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய குற்றவாளி ஒருவன்தான். நன்கொடை ரசீது எதுவும் காட்டாமலேயே அவனுக்கு அன்றைக்கே பேரின்ப வீட்டில் இடம் கிடைத்தது. இந்த விழாவின் நற்செய்தி வாசகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்; மத்தேயு வாசிக்கப்படும் ஆண்டில் அரியணை வருகிறது என்பீர்கள். வருகிறது, அதில் அமர்ந்தவர் கேட்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்பதைத்தான்.

நன்கொடையாளருக்கு மரியாதை செய்யக் கூடாதா என்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள்; பூசை முடிந்ததும் மண்டபத்தில் பொன்னாடை போர்த்துங்கள், நானும் கைதட்டுகிறேன். வீட்டு விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்போருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. நம் கோவிலின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவையில் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். முடியாட்சியே ஒழிந்த நாட்டில் 'அரசர்' என்ற பட்டமே எதற்கு என்று ஒரு தம்பி கேட்டதுதான் நியாயமான கேள்வி. அப்பம் உண்ட மக்கள் தம்மைப் பிடித்து அரசராக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் இயேசு தனியாய் மலைக்குப் போய்விட்டார் என்கிறார் யோவான். அந்தப் பட்டத்திலிருந்து விலகி நடந்தவரை அரசர் என்று அழைப்பதால்தான் அச்சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி.

என் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தவர்தான். இந்தத் திருநாள் வரும் நவம்பரில் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரல் இடுக்கில் கறை நிற்கும். கோவிலில் அவர் எப்போதும் கடைசித் தூணோரம் அமர்வார். திருப்பலியில் குருவானவர் தரும் அப்பமான நற்கருணையைக் கையில் வாங்காமல் நாவில்தான் வாங்குவார். அதைப் பக்தி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கையை நீட்டக் கூச்சம் என்பது அவர் போன பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவரைப் பின்னால் போகும்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு பேசுகிறாயே, அன்று நீ எங்கே இருந்தாய் என்று கேட்கத்தான் போகிறீர்கள். மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாட்டி பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னைக் கடந்துதான் போனார். நான் காலை ஒடுக்கி வழிவிட்டேன். காணொளியில் அதுவும் பதிவாகியிருக்கிறது.