ஒரு கன மில்லிமீட்டர் மூளை: செய்திகளில் விடுபட்ட வேலை

சுண்டெலி மூளையின் சிறு துண்டு ஒன்றின் இணைப்புகளை வரைந்த மைக்ரான்ஸ் (MICrONS) திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், "மூளையின் வரைபடம் தயார், இனி மூளையையே கணினியில் ஏற்றிவிடலாம்" என்ற இடத்தில் போய் நிற்கிறார்கள். நரம்பியலும் கணினியும் படிக்கிற பிள்ளைகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. 2025 ஏப்ரலில் நேச்சர் குழும இதழ்களில் கட்டுரைத் தொகுப்பாக வந்த அந்த வேலை மிகப் பெரியது, சந்தேகமே இல்லை. அதன் பெருமை எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து.

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சுண்டெலியின் பார்வைப் புறணியில் (கண் காண்பதைக் கையாளும் மூளையின் மேலடுக்குப் பகுதி) ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறிய துண்டு. அதற்குள் சுமார் 2 லட்சம் செல்கள், 52 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள், அதாவது ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு இணையும் இடங்கள். இப்படி ஒரு கன மில்லிமீட்டரின் முழு இணைப்பையும், அதிலுள்ள நியூரான்கள் (நரம்பு செல்கள்) எல்லாம் எப்படித் துடிக்கின்றன என்பதையும் கேட்பது நடக்காத காரியம் என்று டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1979இல் எழுதினார். அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். செய்திகள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன.

இரண்டாவது பாதி ஹூஸ்டனில் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. உயிருள்ள சுண்டெலியை ஓடுபட்டையில் நிற்க வைத்து, அதன் கண்முன் காணொளிகளை ஓட்டி, டூ-ஃபோட்டான் நுண்ணோக்கியால் சுமார் 75,000 நியூரான்களின் கால்சியம் ஒளிர்வைப் (நியூரான் துடிக்கும்போது எழும் ஒளி) பதிவு செய்தார்கள். பிறகு அதே மூளை சியாட்டிலில் உள்ள ஆலன் நிறுவனத்துக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 2003இல் தொடங்கிய ஆய்வகம் அது. எந்தக் காணொளிக்கு எந்த நியூரான் எழுந்தது என்ற பதிவும், அதே நியூரான் யாரோடு இணைந்திருக்கிறது என்ற படமும் ஒரே விலங்கிலிருந்து கிடைத்தன. ரத்தநாளங்களையும் செல் உடல்களையும் அடையாளமாக வைத்து இரண்டையும் பொருத்தினார்கள். இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது அழகான கம்பிச்சிக்கல் மட்டுமே.

சியாட்டிலில் நடந்த கைவேலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. துண்டை ஆஸ்மியம் போன்ற கன உலோகங்களில் ஊறவைத்துச் சாயமேற்ற வேண்டும். உலோகம் திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். வெளிப்புறம் கருத்து, நடுப்பகுதி வெளிறிப்போனால் உள்ளே இருக்கும் சவ்வுகள் படத்தில் தெரியாது, மொத்தத் துண்டும் வீண். சாயமேறிய பிறகு பிசினில் பதித்து, வைரக்கத்தியால் சுமார் 40 நானோமீட்டர் தடிமனில் சீவினார்கள். 12 நாள், இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் இருந்து, கிட்டத்தட்ட 28,000 சீவல்கள். அடுத்தடுத்து மூன்று சீவல் போனால் 120 நானோமீட்டர் இடைவெளி விழும். புறணியில் மிக மெல்லிய ஆக்சான்கள் (நியூரானிலிருந்து செய்தியை வெளியே கொண்டுபோகும் இழைகள்) 100 நானோமீட்டருக்கும் குறைவு. அப்படி ஒன்று அந்த இடைவெளியில் பக்கவாட்டில் திரும்பினால், மறுபக்கத்தில் வெளிவருவது அதேதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. சீவல்கள் ஒரு நாடாவில் ஏறி, ஐந்து எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்குப் போயின. படமெடுக்கவே ஆறு மாதம் ஆனது.

பிறகு பிரின்ஸ்டனில் செபாஸ்டியன் சுங் குழு அந்தப் படங்களை அடுக்கி, செயற்கை நுண்ணறிவால் ஒவ்வொரு செல்லையும் பிரித்தெடுத்தது. "கணினியே வரைந்துவிட்டது" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. கணினி வரைந்ததில் இரண்டு வகைப் பிழை உண்டு. ஒன்று, இரண்டு செல்களை ஒன்றாக ஒட்டிவிடுவது. மற்றது, ஒரே ஆக்சானைத் துண்டு துண்டாக விட்டுவிடுவது. தடிமனான டென்ட்ரைட் (செய்தியை உள்வாங்கும் கிளை) பெரும்பாலும் சரியாகவே வரும். மெல்லிய ஆக்சானில்தான் சிக்கல், அதை மனிதக் கண் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரே ஆக்சானைத் திருத்த மணிக்கணக்கில் ஆகும். 2 லட்சம் செல்களில் கவனமாகத் திருத்தப்பட்ட ஆக்சான்கள் மிகச் சிறிய பங்குதான். ஆகவே "வரைபடம் தயார்" என்பதை நான் ஏற்கவில்லை. வரைபடத்தின் முதல் வரைவு தயார், திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

திருத்திய சிறு பங்கிலிருந்தே கிடைத்தவை அசத்தலானவை. தடுப்பு நியூரான்கள் (மற்ற நியூரான்களின் துடிப்பை அடக்குபவை) சுற்றியுள்ள எல்லாவற்றையும் பொத்தாம்பொதுவாக அமர்த்துகின்றன என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. எந்த வகைச் செல்லைத் தடுப்பது என்று அவை தேர்ந்தெடுக்கின்றன. இன்னொன்று: ஒரே மாதிரிக் காட்சிக்கூறை விரும்பும் நியூரான்கள் தங்களுக்குள் அதிகம் இணைகின்றன. ஆக்சானும் டென்ட்ரைட்டும் அருகருகே ஓடுவதால் மட்டும் வரும் இணைப்பு இல்லை இது. அப்படி உரசிப்போயும் இணையாத ஜோடிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறார்கள். செயல்பாட்டுப் பதிவு இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

கணினியில் ஏற்றுவதைப் பற்றி: இந்தப் படத்தில் சினாப்ஸின் அளவு தெரியும், அதன் அன்றைய வலிமை நேரடியாகத் தெரியாது. எந்த வேதிப்பொருள் எப்போது சுரந்தது என்பது தெரியாது. கால்சியம் ஒளிர்வோ ஒவ்வொரு மின்துடிப்பையும் பிடிக்கிற அளவுக்கு வேகமானதில்லை. துண்டின் விளிம்பைத் தாண்டிப் போகும் ஆக்சான்கள் அங்கேயே அறுந்துவிடுகின்றன. முழுச் சுண்டெலி மூளை இதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. இந்தத் துண்டுக்கே 1.6 பெட்டாபைட் (16 லட்சம் ஜிகாபைட்) தரவு ஆயிற்று.

சென்னையில் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தொகுப்பை இதோடு ஒப்பிட்டு, எது பெரிது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியே வேறு. தரணி மனிதக் கருவின் மூளை, 14 முதல் 24 வாரம் வரையான ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள். அங்கே பார்ப்பது எந்தப் பகுதியில் எந்தச் செல் எப்படி அடுக்கி வளர்கிறது என்பதை. சினாப்ஸ் அதில் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. இரண்டுக்கும் பொதுவான நல்ல குணம், தரவை யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பது. ஆனால் திருத்துநர், சீவுநர், படத்தரம் பார்ப்பவர் ஆகியோருக்கு நிரந்தர வேலை இல்லாத இடத்தில் இந்த மாதிரித் தரவு தொடர்ந்து வராது. மூளை ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கருவிக்கு இணையாக இவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தரவில் கைவைக்க விரும்பும் மாணவர்களுக்கு: ஒரு கூகுள் கணக்கும் பைத்தானும் போதும். தரவை எடுக்க உதவும் 'கேவ்கிளையன்ட்' (CAVEclient) என்ற பைத்தான் நிரலை நிறுவி, 'மின்னி65_பப்ளிக்' (minnie65_public) என்ற தொகுப்பைத் திறக்கலாம். இடக்குறிகள் பெரும்பாலும் வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) கணக்கில், 4×4×40 நானோமீட்டர். மூன்றாவது அச்சு பத்து மடங்கு பெரியது என்பதை மறந்து தூரம் கணக்கிட்டால் விடை முழுவதும் தப்பு. தரவுத்தளத்தில் கேட்கும் ஒரு கேள்விக்கு (query) 5 லட்சம் வரிசைதான் திரும்பி வரும், அதற்கு மேல் இருந்தாலும் வெட்டிவிடும். சரியாக 5,00,000 என்று வந்தால் சந்தேகப்படுங்கள். திருத்தம் நடக்க நடக்கச் செல்லுக்குத் தரப்படும் வேர் எண் (root ID) மாறும். ஆகவே அப்படி மாறாத உட்கரு எண்ணைக் (nucleus ID) குறித்து வையுங்கள். ஆக்சான் திருத்தப்பட்டதா என்று நிலை அட்டவணையில் பார்க்காமல் "இந்தச் செல் அந்தச் செல்லோடு இணையவில்லை" என்று எழுதவே கூடாது, அறுபட்ட ஆக்சானாக இருக்கலாம். எந்தப் பதிப்பு எண்ணில் கணக்குப் போட்டீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் விடையை நீங்களே திரும்ப எடுக்க முடியாது.