ஐப்பசியில் வந்து அளந்து பாருங்கள்

எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் வரப்போகிறது. அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை இறக்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முழுக்க ஆங்கிலம். மண், காற்று, நிலத்தடி நீர் எல்லாம் அளந்திருக்கிறார்கள். எப்போது? மார்ச் முதல் மே வரை.

நான் இருப்பது தென்சென்னைப் பக்கம் மேடவாக்கம். 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற கறை எங்கள் மீட்டர் பெட்டிக்குக் கீழே இன்னும் இருக்கிறது. இந்த மண்ணைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டும். ஆனால் மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில் அளந்தால் போதும் என்பதுதான் நடைமுறை. அறிக்கை எழுதியவர்கள் எதையும் மீறவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன் வேலை தொடங்கக் கூடாது. சரி. ஆனால் குடியிருப்புத் திட்டங்களுக்குப் பொதுவாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்த பக்கத்துத் தெருக்காரரை யாரும் கேட்பதில்லை.

திட்ட அனுமதி தருகிற சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நிலப் பயன்பாடு, தளப் பரப்புக் குறியீடு (மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு), சாலை அகலம் பார்க்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி தருகிற ஆணையம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மழைநீர் சேகரிப்பு, மரம் என்று நிபந்தனை போடுகிறது. இங்கே கட்டலாமா என்ற கேள்வி இரண்டு மேசைக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. கோப்பு வருவதற்குள் நிலம் வாங்கி, கடன் எடுத்து, வரைபடமும் போட்டாகிவிடும். அப்புறம் யார் ‘வேண்டாம்’ என்பார்கள்?

பக்கத்திலிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அங்கீகாரம் பெற்றது. 2025இல் பெரும்பாக்கத்தில் அனுமதி பெற்ற ஒரு அடுக்குமாடித் திட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது என்று வழக்குப் போன பிறகுதான் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டு அலுவலகமும் பார்த்திருக்க வேண்டியதை வழக்குப் போட்டவர் பார்க்க வேண்டியிருந்தது.

மதிப்பீடு முதலில் வரட்டும், ஒரு வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்து அளந்து, தமிழில். அதைப் படித்த பிறகு திட்ட அனுமதிக் கோப்பைத் திறக்கட்டும். அளக்க வருகிறவர்களுக்கு எங்கள் மீட்டர் பெட்டிக் கறையை நானே காட்டுகிறேன்.