ரீசெட்லாம் வேணாங்க
மேல ஒருத்தர் "டேப்லெட்ல வைரஸ் இருக்குன்னு பாப்அப் வந்தாலே உள்ள பூந்துடுச்சுன்னு அர்த்தம், ஃபேக்டரி ரீசெட்தான் ஒரே வழி"ன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. ஒரு வெப்சைட்டால உங்க டேப்பை ஸ்கேன் பண்ணவே முடியாது, அந்த பாப்அப்ல ஓடுற சிவப்பு கலர் கவுன்ட்டவுன்லாம் சும்மா படம். எங்கம்மா டேப்லயும் இதே கூத்துதான், சீரியல் பாக்க ஏதோ சைட்டுக்குப் போய் 'அலவ்'வ அமுக்கிட்டாங்க, அன்னைலேருந்து ராத்திரி பகல்னு இல்லாம டிங் டிங்னு நோட்டிஃபிகேஷன். குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ்னு போய் அந்த சைட்ட பிளாக் பண்ணேன், நின்னுடுச்சு. அப்பவும் வந்தா கடைசியா போட்ட ஆப்பை தூக்கிப் பாருங்க. அந்த பாப்அப்ல காட்டுற 'கிளீனர்' ஆப்ப மட்டும் போட்றாதீங்க. ரீசெட் அடிச்சா பேக்கப் எடுக்காத போட்டோலாம் போச்சு, அத யாரு திருப்பித் தருவா?