கிராப்பா பிறப்பது சக்கையிலிருந்து

இத்தாலிய மதுவகைகளைப் பற்றிய இக்கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் கிராப்பாவை ஒயினிலிருந்து வடிக்கும் பிராந்தி என்று குறிப்பிட்டிருப்பது திருத்தப்பட வேண்டும். ஒயினுக்காகத் திராட்சையைப் பிழிந்தபின் எஞ்சும் தோலும் விதையும் சேர்ந்த ஈரச் சக்கைதான் அதன் மூலப்பொருள். அதை நேரடியாகத் தீயில் ஏற்றினால் அடிப்பிடித்துக் கருகிவிடும் என்பதால், பல வடிசாலைகள் சக்கையினூடே நீராவியைச் செலுத்தி, மணம் கெடாமல் சாராயத்தைப் பிரித்தெடுக்கின்றன. பசானோ நகரில் நார்தினி குடும்பம் 1779 முதல் இத்தொழிலைச் செய்துவந்தாலும், வடஇத்தாலியில் கிராப்பா நெடுங்காலம் உழவர்கள் குளிருக்குக் குடிக்கும் முரட்டுச் சாராயமாகவே கருதப்பட்டது. ஃப்ரியூலிப் பகுதியின் நொனினோ தம்பதியர் 1973இல் பிக்கோலித் என்னும் ஒரே திராட்சை வகையின் சக்கையைத் தனியே வடித்த பிறகே அந்த மதிப்பு மாறத் தொடங்கியது. அவர்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.