பூம்புகார் அறிக்கை வெளிவந்துவிட்டது

“பூம்புகார் அகழாய்வு அறிக்கையை வெளியிடவே இல்லை” என்று சிலர் எழுதுவது தவறு. 1963-73 அகழாய்வின் முழு அறிக்கை, கே.வி. சௌந்தரராஜன் எழுதியது, இந்தியத் தொல்லியல் துறையின் ‘நினைவேடு’ (Memoirs) என்ற நூல்வரிசையில் 90-ஆம் எண்ணாக 1994-இல் வந்தது. இருபது ஆண்டுத் தாமதம் உண்மை, அது வருத்தத்துக்குரியதும்கூட. ஆனால் தாமதம் வேறு, மறைப்பு வேறு.

தேடுகிறவர்கள் சறுக்குவது பெயரில்தான். தலைப்பில் இருப்பது ‘பூம்புகார்’ அல்ல, ‘காவேரிப்பட்டினம்’. நூலகத்தில் அந்தப் பெயரோடு வரிசை எண்ணையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள். துறையின் ஆண்டுத் தொகுப்புகளிலும் சுருக்கக் குறிப்புகள் உண்டு; அறுபதுகளின் தொகுதிகளில் ‘தமிழ்நாடு’ என்று தேடாதீர்கள், ‘மெட்ராஸ்’ மாநிலத்தின் கீழே பாருங்கள். மாவட்டம் தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டம் அப்போது ஏது? அகழாய்வில் வெளிப்பட்ட கீழையூர்ப் படகுத்துறை, வானகிரி நீர்த்தேக்கம் என இடப்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்கேன் பிரதிகளில் எழுத்துகள் சிதைந்திருந்தால் தேடல்பெட்டி உதவாது, பொருளடக்கத்திலிருந்துதான் போகவேண்டும்.