சில்வரைத் தூக்கில் போட்டவர்களுக்கு

அந்தச் சிறுவர் வாசிப்பு நிகழ்வில் நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்காக முகநூலில் நடந்துகொண்டிருக்கும் விசாரணையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால், முழு விவரத்தையும் மறுபடி எழுதவில்லை. ‘புதையல் தீவு’ நாவலின் சிறுவர் சுருக்கத்தில், கப்பல் சமையற்காரனாக வரும் ஒற்றைக்கால் கொள்ளைக்காரன் லாங் ஜான் சில்வர் கடைசியில் தூக்கிலிடப்படுகிறான். மூலத்தில் அவன் தப்பிவிடுகிறானே, எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டேன். குழந்தைகளுக்குக் கொள்ளைக்காரனைச் சிபாரிசு செய்பவன் என்ற பட்டம் கிடைத்தது. மிக்க நன்றி.

சுருக்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. பாய்மர விவரங்களைக் குறையுங்கள், தீவின் சதுப்பு நிலத்தை இரண்டு வரியில் கடந்துவிடுங்கள். ஆனால் சில்வர் தப்புவதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வரைபடமும் ஒரு குழியும்தான். கதையைச் சொல்லும் ஜிம் ஹாக்கின்ஸ் என்ற பையன் எப்படிப் பெரியவனானான் என்பது அதோடு போய்விடும்.

ஆப்பிள் பீப்பாய் காட்சியை நினைத்துப் பாருங்கள். புதையலைத் தேடிப் போகும் ஹிஸ்பானியோலா கப்பலில், பழம் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், வெளியே சில்வர் ஓர் இளம் மாலுமியைக் கலகத்துக்கு இழுப்பதைக் கேட்கிறான். ஆபத்து அவனுக்கு உடனே உறைக்கிறது. ஆனால் அவன் மனதை அதிகம் சுடுவது வேறு: தன்னைப் பாராட்டிய அதே சொற்களால் சில்வர் இன்னொருவனையும் பாராட்டுகிறான். முடிந்திருந்தால் பீப்பாய்க்குள்ளிருந்தே அவனைக் கொன்றிருப்பேன் என்கிறான் ஜிம். தனக்கு மட்டுமே உரியது என்று நம்பியிருந்த அன்பு எல்லோருக்கும் அள்ளி வீசப்படுவது என்று தெரிந்த பையனின் ஆத்திரம் அது. அந்த இடத்தில்தான் அவனுடைய பிள்ளைப் பருவம் முடிகிறது. புதையல் குழியில் அல்ல.

அப்போதும் அவனால் சில்வரை முழுதாக வெறுக்க முடியவில்லை. தனக்கு உடன்படாத டாம் என்ற மாலுமியை ஊன்றுகோலை எறிந்து சாய்த்து, கத்தியால் குத்திக் கொன்றவன் சில்வர். அதை மறைந்திருந்து பார்த்தவன் ஜிம். பின்னொரு நாள் கலகக்காரர்களின் கையில் சிக்கிய ஜிம்மைக் காப்பவனும் சில்வரே. புதையலை நெருங்க நெருங்க, ஜிம்மை இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப்போகும் அவன் கண்ணில் கொலை தெரிகிறது. புதையலை வேறொருவன் முன்பே எடுத்துவிட்டதால் குழி காலியாகக் கிடப்பதைக் கண்ட மறுகணமே அவன் கைத்துப்பாக்கி ஒன்றை ஜிம்மிடம் நீட்டுகிறான். இப்படிப்பட்டவனைத் தூக்கில் போட்டுவிட்டால் ஜிம்முக்கு ஒரு வேலையும் இல்லாமல் போகிறது, நீதிபதி முடித்துக்கொடுத்துவிடுகிறார்.

குழந்தைகளுக்கு நீதி வேண்டாமா என்கிறீர்கள். அந்த ஏழு லட்சம் பவுண்டு புதையல் யாருடையது என்று எப்போதாவது கேட்டீர்களா? கடற்கொள்ளையன் ஃப்ளின்ட் கொன்று குவித்த பொருள் அது. புதையல் தேடிக் கப்பலேறிய பிரபு ட்ரிலானியும் மருத்துவர் லிவ்ஸியும் அதைப் பங்கு போட்டுக்கொள்வதில் உங்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. உங்கள் நீதி ஒற்றைக்கால் சமையற்காரன் வரைக்கும்தான் நடக்கும் போலிருக்கிறது. ஊர் முழுக்க இரகசியத்தை உளறி, கொள்ளையர்களையே மாலுமிகளாகச் சேர்த்த பிரபுவுக்கு உங்கள் சுருக்கத்தில் ஒரு கண்டனம்கூட இல்லை.

பெண் பாத்திரங்கள் இல்லாத நாவலுக்கு இவ்வளவு வக்காலத்தா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜிம்மின் அம்மா இருக்கிறார். அவ்வளவுதான் இருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில்வரைத் தூக்கில் போட்டால் அந்தக் குறை எப்படித் தீரும்?

குழந்தைகளால் தாங்க முடியாது என்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய வாதம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் ஸ்காட்லாந்தின் ப்ரேமாரில், 13 வயது வளர்ப்பு மகன் லாய்டுக்காக வரைபடம் வரைந்து தொடங்கிய கதை இது. எழுத எழுத வீட்டில் வாசித்தும் காட்டினார். 1883இல் நூலாவதற்கு முன்பே சிறுவர் பத்திரிகை ஒன்றில்தான் தொடராக வந்தது. அந்தப் பிள்ளைகள் தாங்கிக்கொண்டார்கள், நம் பிள்ளைகள் மட்டும் கண்ணாடிப் பாத்திரங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் சீட்டு நடத்திய ஒருவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கையை எடுத்த பிறகும் பிடித்திருப்பதாகவே சொல்லிக்கொண்டு ஓடி வருவார். ஒரு நாள் இரவோடு இரவாகத் தெருவின் சேமிப்போடு காணாமல் போனார். அம்மாவின் வளையலுக்கான பணமும் அதில் போனது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை, யாரும் தூக்கில் போடவில்லை. அம்மா இன்றைக்கும் அவரைத் திட்டிவிட்டு, அதே மூச்சில், எங்கே என்ன கஷ்டப்படுகிறானோ என்பார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, கெட்டவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒழிந்துவிடுவார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜிம் மட்டும்தான் எனக்குப் புரிகிற மாதிரிப் பேசினான்.

மூலத்தில் சில்வர் ஒரு பை நாணயத்தோடு நழுவிப் போகிறான்; இவ்வளவு மலிவாக அவன் தொலைந்தானே என்று மற்றவர்கள் நிம்மதி அடைகிறார்கள். அவன் மனைவியோடும் கிளியோடும் எங்கேனும் சுகமாக இருக்கட்டும், மறுமையில் அவனுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்கிறான் ஜிம். தீர்ப்பு அங்கேயே இருக்கிறது ஐயா. அதைச் சொல்லும் உரிமை அந்தப் பையனுக்கு இருந்தது. சுருக்கியவர்கள் அதைப் பிடுங்கித் தூக்குக் கயிற்றிடம் கொடுத்துவிட்டார்கள்.

சில்வரைப் போன்ற ஒருவனிடம் ஏமாந்திருந்தால் இப்படி எழுத மாட்டீர்கள் என்று உள்பெட்டியில் எழுதிய நண்பர், இதற்கு முந்தைய பத்திக்கும் முந்தைய பத்தியை மட்டும் வாசித்தால் போதும். பதிப்பகத்தின் பெயரைக் கேட்பவர்களுக்கு: சொல்வதாக இல்லை.